குளித்து முடித்த பிறகும் ஏன் வியர்க்கிறது?

"டாக்டர், எனக்கு வயது 41, எடை 75 கிலோ. சொந்த ஊர் வேலூர், வேலைக்காகத் தாம்பரத்தில் இருக்கிறேன். பிரஷருக்கு தினமும் காலையில் ஒரு மாத்திரை. ஏப்ரலில் இருந்து சாயங்காலம் முக்கால் மணி நேரம் ஓடுகிறேன், வாரத்தில் இரண்டு நாள் ஜிம். ஓடும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை, நின்றதும் தலையிலிருந்து ஊற்றுகிறது. உடனே வீட்டுக்கு வந்து குளித்தாலும் சட்டை மாட்டிய ஐந்தாவது நிமிடம் முதுகு நனைந்துவிடுகிறது. ஊரில் இதைவிட வெயில் அதிகம், அங்கே இப்படி வியர்த்ததே இல்லை. கூட ஓடும் நண்பனுக்கு நெற்றியில் நாலு சொட்டு, அவ்வளவுதான். ஜிம் மாஸ்டரோ 'நல்லதுதான், கொழுப்பு கரையுது' என்று ஃபேனை நிறுத்தச் சொல்கிறார், வியர்க்க வைக்கிற பிளாஸ்டிக் சூட் ஒன்று வாங்கிப் போடச் சொல்கிறார். எனக்கு ஏதாவது கோளாறா? முடித்ததும் 2 லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறேன், போதுமா? போன வாரம் ஓடி முடித்து நின்றபோது ஒரு தடவை கண் இருட்டிக்கொண்டு வந்தது."

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வியர்வையில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆனால் கண் இருட்டியதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நின்ற பிறகு ஊற்றுகிற வியர்வைக்கும் அந்தக் கண் இருட்டலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற 75 கிலோ ஆள் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவழிக்கிறார். இதில் ஐந்தில் நாலு பங்காவது தசையில் வெறும் சூடாகத்தான் மாறுகிறது. அந்த 480 கிலோகலோரி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கினால் என்ன ஆகும்? உங்கள் எடைக்கு உடம்பு 1 டிகிரி செல்சியஸ் ஏற 62 கிலோகலோரி போதும். அப்படியானால் எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. 37இல் ஓட ஆரம்பித்தவர் 25 நிமிடத்தில் 40ஐத் தொட்டுவிடுவார், அதற்கு மேலே போனால் ஹீட் ஸ்ட்ரோக் பகுதி. நீங்கள் 45 நிமிடம் ஓடிவிட்டு சொந்தக் காலில் வீட்டுக்கு நடந்து வருகிறீர்கள் என்றால் பெரும்பாலும் வியர்வையின் தயவு. 1 லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். முழுதாக ஆவியானால்தான். முழங்கை நுனியில் திரண்டு தரையில் விழுகிற சொட்டு எந்தச் சூட்டையும் எடுத்துப்போவதில்லை, உடம்புத் தண்ணீர் வீணானதுதான் மிச்சம்.

இதையெல்லாம் நடத்துவது மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஹைபோதலாமஸ். தன்னைச் சுற்றி ஓடும் ரத்தத்தின் சூட்டையும் அது பார்க்கிறது, தோலிலிருந்து வரும் தகவலையும் கேட்கிறது; ஆனால் தோலைவிட உள்சூட்டின் பேச்சுக்குத்தான் அங்கே பல மடங்கு மதிப்பு. உள்சூடு 37ஐ ஒட்டிய ஒரு வரம்பைத் தாண்டியதும் தண்டுவடம் வழியாக நரம்புக்கு உத்தரவு போகும், உடம்பெங்கும் இருக்கிற 20 முதல் 40 லட்சம் எக்ரைன் வியர்வைச் சுரப்பிகள் வேலையை ஆரம்பிக்கும். வரம்புக்கு மேலே உள்சூடு கொஞ்சம் ஏறினால் வியர்வையும் அதற்கேற்ப ஏறும். (அக்குளில் இருக்கிற அப்போக்ரைன் சுரப்பிகள் வேறு ரகம். அவை சுரப்பதைத் தோல் பாக்டீரியாக்கள் தின்றுதான் நாற்றம் வருகிறது, உடம்பைக் குளிர வைப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு இல்லை.)

சூடு மட்டும்தான் உத்தரவு போடுகிறதா என்றால் அதுவும் இல்லை. ஏற்கனவே உடம்பு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிற ஆளை உடற்பயிற்சி செய்யச் சொன்னால், உள்சூடு ஏறுவதற்கு முன்னாலேயே, ஓரிரு நொடியிலேயே வியர்வை கூடுகிறது என்று 1963இல் ஒரு ஆய்வு காட்டியது. தசைக்கு 'அசை' என்று மூளை அனுப்புகிற கட்டளையும், அசைகிற தசையிலிருந்து திரும்பி வரும் தகவலும் கூடவே வியர்வையையும் தூண்டிவிடுகின்றன என்று அர்த்தம். சூடு வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தயாராகிறது.

இப்போது நீங்கள் ஓட்டத்தை நிறுத்துகிற நொடிக்கு வருவோம். மணிக்கு 8 கிலோமீட்டரில் ஓடும்போது அதே வேகத்தில் காற்று உங்கள் மேல் பட்டுக்கொண்டே இருந்தது, வருகிற வியர்வையைத் துடைத்துக்கொண்டே போனது. அதனால்தான் ஓடும்போது 'அவ்வளவாகத் தெரியவில்லை'. நின்றதும் அந்தக் காற்று சட்டென்று போய்விட்டது. சுரப்பது எல்லாம் தோலிலேயே தேங்கி, சேர்ந்து, வழிய ஆரம்பிக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு வியர்வை ஊற்றுகிற மாதிரி தெரிகிற அந்தச் சில நிமிடங்களில் சுரப்பிகள் உண்மையில் வேலையைக் குறைக்கத் தொடங்கியிருக்கும். சுரப்பது குறைகிறது, ஆவியாவது அதைவிட வேகமாகக் குறைந்துவிட்டது, அதனால் பார்வைக்கு அதிகமாகத் தெரிகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒருநாள் நின்றதும் ஒரு டேபிள் ஃபேனுக்கு நேராக நின்று பாருங்கள்.

சரி, உள்ளே சூடு இன்னும் இறங்கவில்லையே, சுரப்பிகள் ஏன் குறைக்க வேண்டும்? தசை அசைவதால் வந்த தூண்டுதல் நின்ற நொடியிலேயே அறுந்துவிட்டது, அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ரத்த அழுத்தம். ஓடும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் இறுகி, காலின் ரத்தக் குழாய்களில் இருக்கிற ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நின்றுவிட்டால் அந்தத் தள்ளல் நின்றுவிடும். தசைகளிலும் தோலிலும் ரத்தக் குழாய்கள் இன்னும் விரிந்தே கிடக்கின்றன, ரத்தம் காலில் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது, பிரஷர் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு அருகிலும் இருக்கிற அழுத்த உணரிகள் இதைப் பார்த்துவிட்டு மூளைக்குச் சொல்கின்றன. மூளைக்கு இப்போது இரண்டு கவலை. ஒன்று சூடு, இன்னொன்று தலைக்கு ரத்தம் போவது. இரண்டாவதைத்தான் அது முதலில் கவனிக்கும். தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது, வியர்வையையும் குறைக்கிறது. விளைவாக உள்சூடு வெளியே வர வழி குறுகிப்போய், அரை டிகிரி அளவுக்குக் கூடுதலாகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே தங்கிவிடுகிறது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் க்ளென் கென்னியும் அவருடைய குழுவினரும் இதைப் பல வருடமாக ஆராய்ந்திருக்கிறார்கள். உடற்பயிற்சி முடித்தவரைத் தலைப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சாய்த்துப் படுக்க வைத்தாலோ, இடுப்புக்குக் கீழே வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து ரத்தத்தை மேலே அனுப்பினாலோ, தோலின் ரத்த ஓட்டமும் வியர்வையும் கூடி உள்சூடு சீக்கிரம் இறங்குகிறது. பிரஷர் கவலை தீர்ந்தால் உடம்பு சூட்டைக் கவனிக்கப் போய்விடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆக, போன வாரம் உங்களுக்குக் கண் இருட்டியது இதே கதையின் இன்னொரு பக்கம். நீங்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், முக்கால் மணி நேரம் வியர்த்து ரத்தத்தில் கொஞ்சம் தண்ணீரும் குறைந்திருக்கிறது, ஓடிக்கொண்டே வந்து பிரேக் போட்ட மாதிரி நின்றிருக்கிறீர்கள். இனிமேல் அப்படி நிற்காதீர்கள். கடைசி 5 நிமிடம் மெதுவோட்டம், அப்புறம் 5 முதல் 10 நிமிடம் நடை. முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பது, செல்போனை எடுத்துக்கொண்டு மரத்தடியில் சிலை மாதிரி நிற்பது இரண்டும் வேண்டாம். மறுபடி கண் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே படுத்துக் காலை ஒரு திண்டின் மேல் தூக்கி வையுங்கள், ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றாலோ, நெஞ்சு அடைத்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே இருட்டினாலோ அது வேறு விஷயம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஓட்டம்.

இனி குளியல். ஓடி வந்த சூட்டோடு நாலு சொம்புத் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்கிறீர்கள். தோல் சில்லிட்டதும் அங்கிருக்கிற குளிர் உணரும் நரம்புகள் தகவல் அனுப்ப, வியர்வை அந்த நிமிடத்துக்கு அடங்குகிறது, தோலின் ரத்தக் குழாய்களும் சுருங்கிக்கொள்கின்றன. உள்ளே இருக்கிற சூடு? அது அப்படியேதான் இருக்கிறது. மூன்று நிமிடக் குளியலில் அதற்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் ஜன்னல் இல்லாத பாத்ரூமில் துண்டால் அழுத்தித் துடைத்து, பவுடர் கொட்டி, பனியனுக்கு மேல் சட்டையும் மாட்டுகிறீர்கள். தோல் மறுபடி வெதுவெதுப்பாகிறது, உள்சூடு இன்னும் வரம்புக்கு மேலே, சுரப்பிகளுக்குத் திரும்பவும் உத்தரவு போகிறது. மே மாதத்தில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் ராத்திரி 7 மணிக்கும் வெந்நீர் மாதிரி வரும், அதில் குளித்தால் கேட்கவே வேண்டாம்.

வழி ரொம்ப எளிது, அவசரப்படாமல் இருந்தால் போதும். நடந்து முடித்து வீட்டுக்கு வந்ததும் நனைந்த பனியனோடேயே ஃபேனுக்கு அடியில் 20 நிமிடம் உட்காருங்கள். அந்த ஈரம் ஆவியாவதுதான் உங்களுக்கு வேண்டிய குளிர்ச்சி, அதைத் துண்டால் துடைத்துத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். வியர்வையோடு காற்றில் உட்கார்ந்தால் சளி பிடிக்கும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். சளி வைரஸால் வருவது, ஃபேனால் அல்ல. அப்புறம் குளியுங்கள், நாலு சொம்போடு ஓடி வராமல் நிதானமாக, கை கால் முதுகு எல்லாம் தண்ணீர் நன்றாக ஓடும்படி. குளித்த பிறகும் கொஞ்ச நேரம் வேட்டியோ லுங்கியோ கட்டி வெற்றுடம்பாக இருந்துவிட்டுச் சட்டை போடலாம். பவுடர் வியர்வையை நிறுத்தாது. கழுத்து மடிப்பில் களிம்பாகக் குழைந்து நிற்கும், வேர்க்குரு இருக்கிறவர்களுக்கு அடைப்பை இன்னும் கூட்டும்.

வேலூர் விஷயம். உங்கள் ஊரிலும் உங்களுக்கு இதே அளவு வியர்த்திருக்கும், அங்கே நீங்கள் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காற்று வறண்டிருந்தால் வியர்வை வெளியே வந்த கையோடு ஆவியாகிவிடும், சட்டை முதுகில் வெள்ளையாக உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். கறுப்பு டீஷர்ட் போட்டு ஓடிய நாள் ஞாபகம் இருந்தால் யோசித்துப் பாருங்கள். இங்கே கடல் காற்று உள்ளே புகுந்ததும் சாயங்காலம் ஈரப்பதம் ஏறிவிடுகிறது, ஏற்கனவே தண்ணீர் நிறைந்திருக்கிற காற்று உங்கள் வியர்வையை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. அடைமழைக் காலத்தில் மண்பானைத் தண்ணீர் சரியாகக் குளிர்வதில்லை அல்லவா, அதே இயற்பியல்தான். வெப்பமானியில் 33 டிகிரிதான் காட்டும், உடம்புக்கு வேலூரின் 39ஐவிட அதிகச் சிரமமாக இருக்கும். தோல் ரொம்ப நேரம் ஊறிப்போனால் மேல்தோல் உப்பி, வியர்வைக் குழாயின் வாயையே அடைத்துவிடுவதும் உண்டு. வியர்வை குறைந்துவிட்டதே, பழகிவிட்டது போல என்று ஆள் நினைப்பார், உண்மையில் குளிர்விக்கிற வழி அடைபட்டிருக்கும்.

ஆவியாதல் எவ்வளவு பெரிய சக்தி என்பதற்கு எனக்குப் பிடித்த ஒரு பழைய கதை இருக்கிறது. 1774இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் நண்பர்கள் சிலரோடு நன்றாகச் சூடாக்கிய ஒரு அறைக்குள் போனார். ஒரு கட்டத்தில் அறையின் வெப்பம் 260 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 127 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருந்தது. உள்ளே வைத்த முட்டை வெந்து இறுகியது, மாட்டிறைச்சி வெந்தது, பிளாக்டன் நல்லபடியாக வெளியே வந்தார். காற்று வறண்டிருந்ததால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி அவரைக் காப்பாற்றியது. அவர் இன்னொன்றும் செய்தார். அந்த அறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார், கொதிநிலையைத் தாண்டிய சூட்டிலும் அது கொதிக்கவில்லை, ஏனென்றால் மேற்பரப்பிலிருந்து ஆவியாகித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொண்டிருந்தது. மேலே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஆவியாவதைத் தடுத்ததும் கொதிக்க ஆரம்பித்தது.

உங்கள் மாஸ்டர் வாங்கச் சொல்கிற பிளாஸ்டிக் சூட் அந்த எண்ணெய்ப் படலம்தான். உள்ளே வியர்வை ஆறாக ஓடும், ஆனால் ஒரு சொட்டு ஆவியாகாது, உள்சூடு ஏறிக்கொண்டே போகும். 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், போட்டி எடைக்குள் வருவதற்காக இந்த மாதிரி உடையை மாட்டிக்கொண்டு சூடான அறையில் பயிற்சி செய்து அடுத்தடுத்துச் செத்துப்போனார்கள். இளம் வயது, நல்ல உடம்பு. அதற்குப் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடையையே தடை செய்துவிட்டார்கள். 41 வயதில் பிரஷர் மாத்திரையோடு நீங்கள் அதை முயற்சி செய்ய வேண்டாம். ஃபேனையும் நிறுத்தவிடாதீர்கள், மாஸ்டர் கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

'கொழுப்பு கரையுது' என்பதற்கும் கணக்கு போட்டுவிடலாம். 45 நிமிட ஓட்டத்தில் 450 கிலோகலோரி போகிறது. 1 கிலோ கொழுப்புத் திசுவில் சுமார் 7,700 கிலோகலோரி இருக்கிறது. முழுக்க முழுக்கக் கொழுப்பையே எரித்தீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஒருநாள் ஓட்டத்துக்கு 60 கிராம்கூட வராது. எடை மெஷினில் ஒரு கிலோ குறைந்து காட்டுவது தண்ணீர், ராத்திரி சாப்பாடு முடிவதற்குள் திரும்பி வந்துவிடும். எரிகிற கொழுப்பு வியர்வை வழியாகவும் பெரிதாகப் போவதில்லை. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில்தான் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோதான் தண்ணீர். உடம்பில் இருக்கிற நச்செல்லாம் வியர்வையில் கழிகிறது என்பார்கள் சிலர், அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

நண்பரோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். அவர் எடை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 58 கிலோ ஆள் உங்கள் பக்கத்தில் அதே வேகத்தில் ஓடினாலும் அவர் உடம்பில் உண்டாகிற சூடு கணிசமாகக் குறைவு. பரம்பரையும் ஒரு காரணம், ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு வியர்வை இரண்டு மடங்கு வித்தியாசப்படலாம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்குத் தயாரான அமெரிக்க மாரத்தான் ஓட்டக்காரர் ஆல்பெர்ட்டோ சலசாருக்கு மணிக்கு 3.7 லிட்டர் வியர்த்ததாக அளந்திருக்கிறார்கள். சாதாரணமாக நம்மைப் போன்றவர்களுக்கு மணிக்கு அரை முதல் 2 லிட்டர்.

இன்னொன்று, பயிற்சி கூடக்கூட வியர்வை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. சூட்டில் தொடர்ந்து 10 முதல் 14 நாள் உடற்பயிற்சி செய்தால் ரத்தத்தில் பிளாஸ்மா என்ற ரத்த நீர் கூடுகிறது, உள்சூடு குறைவாக இருக்கும்போதே வியர்வை தொடங்குகிறது, அளவும் கூடுகிறது. ஆனால் உப்பு குறைகிறது. சுரப்பியின் அடியில் முதலில் ஊறுகிற நீர் ஏறத்தாழ ரத்த நீரைப் போலவே உப்பாக இருக்கும். அது மேலே வருகிற மெல்லிய குழாயின் சுவர் போகிற வழியிலேயே உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வியர்வை மெதுவாக வந்தால் நிறைய உப்பு உடம்பிலேயே மிஞ்சும், வேகமாகப் பாய்ந்தால் உறிஞ்ச நேரம் இல்லாமல் உப்போடு வெளியே வந்துவிடும், கண்ணில் பட்டால் எரிகிறதே, அது. பழகிய உடம்பில் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் இந்த உறிஞ்சலைக் கூட்டிவிடுகிறது. ஏப்ரலில் ஆரம்பித்த நீங்கள் இப்போது அப்போதைவிட அதிகம் வியர்த்தால் அது முன்னேற்றம். நடுவில் சில வாரம் விட்டுவிட்டால் இந்தப் பழக்கம் போய்விடும், திரும்ப முதலிலிருந்து மெதுவாகத்தான் தொடங்க வேண்டும்.

2 லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பது சரியில்லை. ஓடுவதற்கு முன்பு சட்டையில்லாமல் எடை பாருங்கள், ஓடி முடித்து உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 1 கிலோ குறைந்தால் 1 லிட்டர் போயிருக்கிறது, அதற்கு ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த இரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும். நாலைந்து நாள் இப்படிப் பார்த்தால் உங்கள் அளவு பிடிபட்டுவிடும், அப்புறம் மெஷின் வேண்டாம். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்துவிட்டீர்கள். சிறுநீரகத்தால் மணிக்குச் சுமார் 1 லிட்டர்தான் வெளியேற்ற முடியும், அதற்கு மேல் கொட்டினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, ஓடும்போதே அதிகம் குடித்து எடை கூடியவர்களிடம்தான் அது அதிகமாக இருந்தது.

முக்கால் மணி நேர ஓட்டத்துக்கு உப்புக் கரைசல் பாக்கெட்டும் வேண்டாம், கலர் கலராக விற்கிற விளையாட்டு பானமும் வேண்டாம். வெறும் தண்ணீர், இல்லையென்றால் நீர்மோர். ராத்திரி சாப்பிடுகிற சாம்பாரிலும் ரசத்திலும் இருக்கிற உப்பே போனதை ஈடுகட்டிவிடும், பிரஷர் இருக்கிற நீங்கள் மோரில் தனியாக உப்பு அள்ளிப் போட வேண்டியதில்லை. இளநீர் குடிக்கலாம், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடுகிற நாள் வந்தால் உப்பைப் பற்றித் தனியாக எழுதுங்கள்.

எந்த வியர்வைக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு இறுக்கத்தோடு குளிர்ந்த வியர்வை. ராத்திரி படுக்கை நனைகிற அளவுக்கு வியர்வையும் காய்ச்சலும் எடைக் குறைவும். படபடப்பு, கை நடுக்கத்தோடு எப்போதும் வியர்ப்பது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு உடற்பயிற்சிக்குப் பிறகு நடுக்கத்தோடு வருகிற வியர்வை. இவை எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. வெயிலில் ஓடுகிற யாராவது உளறினாலோ, தடுமாறினாலோ, ஆளே மாறின மாதிரி நடந்துகொண்டாலோ, 'இன்னும் வியர்க்கிறதே, ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்காது' என்று விட்டுவிடாதீர்கள். உடற்பயிற்சியில் வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் வியர்வை இருக்கும். 108ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஐஸ் கிடைத்தால் அதையும் சேர்த்து.

கடைசியாக அந்த பிரஷர் மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று பாருங்கள், ஹைட்ரோகுளோரோதயாசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருந்தால் அது சிறுநீரைக் கூட்டுகிற வகை, வியர்வையும் சேர்ந்தால் உடம்பில் தண்ணீரும் சோடியமும் இரட்டிப்பாகக் குறையும். அட்டெனோலால், மெட்டோபிரோலால் மாதிரியான பெயர் என்றால் இதயத்துடிப்பு ஓட்டத்துக்கு ஏற்ற மாதிரி ஏறாது. இரண்டையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரை எழுதிய டாக்டரிடம் போய், ஏப்ரலில் இருந்து தினமும் 45 நிமிடம் ஓடுகிறேன், ஒரு தடவை கண் இருட்டியது என்று சொல்லுங்கள். ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து இரண்டு மூன்று நாள் எடுத்த பிரஷர் அளவைக் கையோடு கொண்டு போனால் மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று அவரால் அன்றைக்கே முடிவு செய்ய முடியும்.